செவிக்கு ஏற்ற ஹெட்போன்

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் ஒலிப்பதிவு செய்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் கம்பம் பள்ளத்தாக்கில் அதனைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்போர் பலர். கீழ்ஸ்தாயி வாத்தியங்களின் நாதம் அதில் எழுவதே இல்லை. ஹெட்போன் வாங்கலாமா, ஆம்ப்ளிஃபையரும் வேண்டுமா என அன்பர்கள் சிலர் வினவுகின்றனர்.

ஹெட்போன் பெட்டியின்மேல் 'ஓம்' என்றோர் அளவு அச்சிட்டிருப்பர். பிரணவமன்று; மின்தடையை அளக்கும் அலகு, ஜெர்மானிய அறிவியலாளர் ஒருவரின் பெயரால் வழங்குவது. 32 ஓம் அளவினதற்குப் பெரும்பாலும் கைப்பேசியே போதும். 250, 300 ஓம் உடையவை அதில் மெலிந்து ஒலிக்கும். ஆம்ப்ளிஃபையர் அவற்றுக்கே தேவை. புளூடூத் வகையில் அது உள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே, கடைக்காரர் இரண்டையும் சேர்த்து நீட்டினால், ஓய்வூதியக்காரர் ஓம் எத்தனை என்று முதலில் கேட்க வேண்டும். செவித்துளையில் செருகுவதைவிடக் காதை முழுதும் மூடும் வகையையே நான் விரும்புவேன்.

வயது ஏற ஏற மேல்ஸ்தாயி ஒலிகளே முதலில் மங்குகின்றன. பாட்டு கேட்கும்; சொல் தெளியாது. உடனே ஒலியைக் கூட்டுகிறோம், ஆபத்து அங்கேதான். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. 90 டெசிபலாயின் நான்கே மணி நேரம்! வீரபாண்டித் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பழகிய காதுக்கும் இதுவே கணக்கு. ஒலியைக் கூட்டாமல், கைப்பேசியின் ஈக்வலைசரில் 'டிரெபிள்' மட்டும் சற்று உயர்த்திப் பாருங்கள். அப்போதும் சொல் தெளியாவிடில், செல்ல வேண்டியது ஹெட்போன் கடைக்கன்று, காது மருத்துவரிடம்.