லாஸ்லெஸ் பாட்டுக்கு மாறணுமா? ஒரு டாக்டரின் நீண்ட த்ரெட்

போன வாரம் நைட் டியூட்டியில் ஜூனியர் ஒருத்தர் கேட்டார். "அண்ணா, பாட்டு ஆப்ல லாஸ்லெஸ் இருக்கிற பிளானுக்கு மாறலாமா? நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?"

பதில் சொல்ல ஆரம்பிச்சேன், அரை மணி நேரம் ஆயிடுச்சு. நடுவுல ரெண்டு கேஸ் வேற. அதையே இங்க எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான் மக்களே, டீ எடுத்துக்கோங்க.

முதல்லயே சொல்லிடறேன். நான் எம்பிபிஎஸ். அரசு மருத்துவமனையில் பொது ஓபி பாக்குறவன். காது மூக்கு தொண்டை நிபுணர் இல்ல, சவுண்ட் இன்ஜினியரும் இல்ல. ஆனா பாட்டுப் பைத்தியம். இந்த விஷயத்துல சொந்தக் காசை விட்டுப் பாடம் படிச்சவன்.

சரி, லாஸ்லெஸ்னா என்ன?

சிடியில் ஒரு பாட்டு இருக்குன்னா, அந்த ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்ல எழுதி வெச்சிருக்காங்க. இடது, வலதுன்னு ரெண்டு சேனல். கூட்டிப் பார்த்தா விநாடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேரப் பாட்டு 600 எம்பிக்கு மேல வரும்.

இதை அப்படியே அனுப்பினா டேட்டா தாங்காது. அதனால எம்பி3, ஏஏசி மாதிரி ஃபார்மட்கள் வந்துச்சு. இதுங்க நம்ம காதோட பலவீனத்தைப் பயன்படுத்துற ஃபார்மட்கள்.

வார்டுல ஸ்டெத் வெச்சு இதயத்துல மெல்லிசா வர்ற மர்மர் சத்தத்தைக் கேட்டுட்டு இருப்பேன். பக்கத்து பெட்ல சக்ஷன் மெஷினை ஆன் பண்ணுவாங்க. அவ்ளோதான், மர்மர் காணாம போயிடும். இதயம் சத்தம் போடுறதை நிறுத்தல. பெரிய சத்தம் சின்னதை மறைச்சிடுச்சு. பாட்டுலயும் ஒவ்வொரு கணமும் இப்படி மறைஞ்சு போற ஒலிகள் உண்டு. "எப்படியும் கேட்கப் போறதில்ல, தூக்கிப் போடு"ன்னு தூக்கிடுறதுதான் எம்பி3.

லாஸ்லெஸ் ஃபார்மட் எதையும் தூக்கிப் போடாது. ஜிப் ஃபைல் மாதிரி மடிச்சு வெச்சு, திரும்பப் பிரிக்கும்போது ஒரு பிட் குறையாம கொடுக்கும். சைஸ் ஏறக்குறைய பாதியாகும்.

எம்பி3யை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர் ஜெர்மனியோட கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா பாடின 'டாம்ஸ் டைனர்' பாட்டை வெச்சுத்தான் தன் முறையைச் சோதிச்சார். வாத்தியமே இல்லாத தனிக்குரல். பின்னணியில் எதுவும் இல்லாததால தப்பை மறைக்க இடமில்ல. ஆரம்பத்துல அந்தக் குரல் கண்றாவியா வந்திருக்கு. அது சரியாகுற வரைக்கும் திரும்பத் திரும்ப அதையே கேட்டுத் திருத்தினார்.

2021 ஜூன்ல ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாம லாஸ்லெஸ் கொடுத்துச்சு. ஸ்பாட்டிஃபை 2021 பிப்ரவரியில் அறிவிச்சு, 2025 செப்டம்பர்லதான் கொண்டு வந்துச்சு. நாலரை வருஷம்! அத்தனை வருஷமும் ஜனங்க 320 கேபிபிஎஸ்ல கேட்டுட்டுதான் இருந்தாங்க.

இப்ப என் கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி நல்ல வயர் இயர்போன், ஒரு குட்டி டிஏசி எல்லாம் வாங்கினேன். எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், வீட்ல இந்த த்ரெட்டைப் படிப்பாங்க. முதல் நாள் லாஸ்லெஸ் போட்டதும் "அடடா, வயலின் தனியா பிரிஞ்சு நிக்குதே, மூச்சு விடுறது கூட கேக்குதே"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

பேட்ச்மேட் ஒருத்தன் சிரிச்சான். "டேய், புது மாத்திரை வந்தா கண்ணைக் கட்டி டிரையல் வைக்கணும்னு சொல்றவன் நீ. உன் காதுக்கு மட்டும் வேண்டாமா?"

நியாயமான கேள்வி. வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து "இது வலிக்கு"ன்னு சொன்னாலே சிலருக்கு வலி குறையும். காசு கொடுத்து வாங்கின மாத்திரைன்னா இன்னும் நல்லாவே வேலை செய்யும்னு நினைக்கத் தோணும். காதும் அதே மூளைக்குத்தான் போகுது.

உட்கார்ந்தோம். ஒரே பாட்டு, ஒன்னு லாஸ்லெஸ், இன்னொன்னு அதுலேர்ந்தே எடுத்த 320. எது ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. சவுண்ட் ரெண்டுக்கும் சமம். இது ரொம்ப முக்கியம். ஒன்னு அரை டெசிபல் கூடுதலா இருந்தாலே அதுதான் "நல்ல குவாலிட்டி"ன்னு மூளை தீர்ப்பு எழுதிடும்.

16 தடவை. குருட்டாம்போக்குல வந்த மார்க் இல்லன்னு நம்பணும்னா 12 சரியா இருக்கணும். நான் எடுத்தது 9. காசு சுண்டி விட்டாலே பத்துல நாலு பேருக்கு 9 அல்லது அதுக்கு மேல வரும்.

அப்புறம் 96 கேபிபிஎஸ் வெச்சுப் பார்த்தோம். அது உடனே மாட்டிக்கிச்சு. சிம்பல் சத்தம் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு.

"உன் காது மட்டம்"னு சொல்லலாம். சொல்லுங்க. ஆனா பெரிய அளவுல நடந்த சோதனைகளும் இருக்கு. சிடியைத் தாண்டின ஹை-ரெஸ் ஒலிக்கும் சிடி தரத்துக்கும் வித்தியாசம் தெரியுதான்னு மேயர், மோரன்னு ரெண்டு பேர் 2007ல சோதனை வெளியிட்டாங்க. 554 தடவைல 276 சரி. பாதிக்குப் பாதி. 2016ல ரீஸ் என்பவர் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல 52.3 சதவீதம் சரி. ஏதோ ஒரு மிகச் சின்ன வித்தியாசம் இருக்கு, பயிற்சி எடுத்தவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா தெரியுதுன்னு சொன்னார். அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லணும். கைத்தட்டல், காஸ்டனெட் மாதிரி சட்டுனு வெட்டுற ஓசைகள்ல எம்பி3 தடுமாறுறதை பழகின காதுகள் பிடிச்சிடும். ரெக்கார்டிங், எடிட்டிங் பண்றவங்களுக்கு லாஸ்லெஸ் கட்டாயம் வேணும், ஏன்னா திரும்பத் திரும்பச் சுருக்கினா தரம் தேயும். பழைய பாட்டைப் பாதுகாத்து வைக்கவும் அதுதான் சரி. ஆனா தேஞ்சு போன கேசட்லேர்ந்து ஏத்தின பாட்டை லாஸ்லெஸ்ல கேட்டா, அந்த உஸ்ஸ்ஸ் சத்தம்தான் ஒரு பிட் குறையாம கேட்கும்.

இன்னொன்னு, பெரும்பாலானவங்க கேக்குறது ப்ளூடூத் இயர்பட்ஸ்ல. போன்லேர்ந்து காதுக்குப் போற வழியில ப்ளூடூத் மறுபடி சுருக்கிடும். ப்ளூடூத் இணைப்பு லாஸ்லெஸ் கிடையாதுன்னு ஆப்பிளே சொல்லியிருக்கு. பெரிய வாட்டர் டேங்க்லேர்ந்து ஸ்ட்ரா வழியா குடிக்கிற கதை.

இவ்வளவையும் ஜூனியர்கிட்ட சொல்றதுக்குக் காரணம், அதுக்கு முன்னாடி ஓபிக்கு வந்த ஒரு பையன். 22 வயசு, கடையில வேலை. போக வர பஸ்ல தினம் மூணு மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள்.

"காதுக்குள்ள கொய்ய்ங்னு கேட்டுட்டே இருக்கு சார். ராத்திரி தூங்க முடியல."

ஈஎன்டிக்கு அனுப்பினேன். ஆடியோகிராம்ல ரெண்டு காதுலயும் 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளம். அதிக சத்தத்தால வர்ற பாதிப்போட வழக்கமான அடையாளம் அது.

சவுண்ட் எவ்வளவு வெப்பேன்னு கேட்டேன். "ஃபுல் சார். பஸ் சத்தத்துல கேக்காதே." கூடவே இன்னொன்னு சொன்னான். "ஆனா லாஸ்லெஸ்லதான் சார் கேக்குறேன். எம்பி3தான் காதைக் கெடுக்கும்னு ஃப்ரெண்ட் சொன்னான்."

தம்பிகளா, தங்கச்சிகளா, இது சுத்தப் பொய். எந்த ஃபார்மட்டும் காதைக் கெடுக்காது, எந்த ஃபார்மட்டும் காதைக் காப்பாத்தாது. கெடுக்கிறது சத்தத்தோட அளவும் நேரமும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி. 86க்கு 10. 95க்குப் போனா வாரம் முழுசுக்கும் ஒன்னேகால் மணி நேரம்தான். அந்தப் பையன் கேட்டது வாரத்துக்கு 18 மணி நேரம், ஃபுல் வால்யூம்ல.

உள்காதுல ஒலியை உணர்ற முடிச் செல்கள் இருக்கு. செத்தா திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு இல்ல. போனதைத் திருப்பிக் கொண்டு வர மாத்திரையும் என்கிட்ட இல்ல. பையனுக்கு கொய்ங் சத்தம் இப்ப குறைஞ்சிருக்கு. பள்ளம் அப்படியேதான் இருக்கு.

அதனால ஜூனியருக்கு நான் சொன்னது: லாஸ்லெஸுக்குன்னு தனியா காசு கட்டாதீங்க. ஏற்கெனவே கட்டுற பிளான்ல இருந்தா, வீட்ல வைஃபைல வயர் ஹெட்போன்ல கேளுங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. பஸ்ல அது வெறும் டேட்டா செலவு. முதல்ல ஆப் செட்டிங்ஸ்ல குவாலிட்டி 'லோ'ல கிடக்குதான்னு பாத்து 'ஹை'க்கு மாத்துங்க. அந்த வித்தியாசம்தான் காதுக்குத் தெரியும்.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா, காதை நல்லா அடைக்கிற இயர்போன் வாங்குங்க, முடிஞ்சா வெளிச்சத்தத்தைக் குறைக்கிற வசதியோட. வெளிச்சத்தம் உள்ள வராட்டி வால்யூம் ஏத்தத் தேவையில்ல. ரோட்டைக் கடக்கும்போது மட்டும் கழட்டிடுங்க, ஆர்த்தோ வார்டுல ஏற்கெனவே பெட் இல்ல.

பாட்டு கேட்டு முடிச்ச பிறகு காதுல ரீங்காரமோ, அடைச்ச மாதிரியோ இருந்தா, அன்னிக்கு சத்தம் அதிகம்னு அர்த்தம். ரெண்டு மூணு நாளைக்கு இயர்போனைத் தொடாதீங்க. திடீர்னு ஒரு காது கேட்காமப் போச்சுன்னா நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. அதுக்கு சீக்கிரம் ஆரம்பிக்கிற சிகிச்சை இருக்கு, தள்ளிப் போட்டா பலன் குறையும்.

ஜூனியரும் கண்ணைக் கட்டி 16 தடவை டெஸ்ட் எழுதினார். 7 மார்க். பிளான் மாறல.

உங்களுக்கு 12க்கு மேல வந்தா கமெண்ட்ல சொல்லுங்க, தப்பில்லாம ஒத்துக்கறேன். ஓபி முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்.