முருகைக்கு வந்த நோய்

உச்சமுனையிலே பிறந்து வளர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் இப்பொழுது கனடாவில், ரொறன்ரோ நகரில், குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறார். ஊர்க் கடலை மறக்கமாட்டாத அவர், தம் வீட்டு நிலவறையில் பெரியதொரு கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புநீர் நிரப்பி, மீன்களோடு உயிருள்ள முருகையையும் வளர்க்கிறார். சென்ற மாசி மாதத்திலே அவரிடமிருந்து நமக்கொரு கடிதம் வந்தது. ஏழாண்டுகளாக வளர்த்த மான்கொம்பு முருகை வெளுத்துச் சாகிறதென்றும், தம்முடைய ஒன்பது வயது மகள் கை கழுவாமல் தொட்டிக்குள் கைவிட்டதே அதற்குக் காரணமென்றும் எழுதியிருந்தார். பிள்ளையைக் கடிந்து பேசிவிட்டாராம். அவளும் தானே அதைக் கொன்றதாக நம்பி அழுகின்றாளாம். "நீங்கள்தான் எங்களுக்கு உயிரியல் படிப்பித்தீர்கள், சேர், இதற்கு என்ன மருந்து?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்த வாரம் நாம் உச்சமுனைக்குப் போகவேண்டியிருந்தது. கற்பிட்டியிலிருந்து படகேறிப் போகவேண்டிய மணல் திட்டு அது. ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் களப்பு. மாணவரின் தாயார் நம்மைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி அந்த முருகையைப் பற்றியதுதான். "பேத்தி சாப்பிடாமல் கிடக்குதாம், மாஸ்டர். என்ன ஏதென்று ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றார். கல்லுக்கு வந்த நோயைக் காட்டிலும் பிள்ளைக்கு வந்த துயரமே அவருக்குப் பெரிதாயிருந்தது. நமக்கும் அப்படியே.

முருகை என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டார் பவளப்பாறை என்பர். நவரத்தினங்களுள் ஒன்றாகிய செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது, அது வேறு. நம் முருகையோ பார்வைக்குக் கல், தன்மையிலே பிராணி. கடுகளவிலிருந்து காசளவு வரையான பொலிப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தம் அடியிலே சுண்ணக்கூட்டைக் கட்டிக்கொண்டு, மேலே மெல்லிய சதைப் போர்வையாய் வாழ்கின்றன. அச்சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு சமைக்கும் உணவிலே பெரும்பகுதியை வீட்டுக்காரராகிய பொலிப்புக்கு வாடகைபோலக் கொடுத்துவிடுகின்றன. முருகையின் நிறத்திலே பெரும்பங்கு இக்குடியிருப்பாளரால் வருவது.

வெளுப்பு என்பது யாதெனில், இந்தக் குடியிருப்பாளர் வெளியேறுதலே. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு பாகை செல்சியசு அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாற் போதும், பொலிப்பு அல்காவை வெளியேற்றிவிடும். அப்பொழுது சதை கண்ணாடிபோலாகி, உள்ளிருக்கும் வெள்ளைக்கூடு தெரியும். ஆனால் சதை உண்டு, உயிரும் உண்டு. வெப்பம் தணிந்தால் அல்கா திரும்பி வரக்கூடும். வெளுத்தது வேறு, செத்தது வேறு. இந்த வேறுபாட்டை உச்சமுனைக் கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்த முதிய சுழியோடி ஒருவர் நமக்கு ஒரே வாக்கியத்திற் சொன்னார்: "வெள்ளைக் கல்லைக் கண்டால் பொறுத்துப் பார்ப்போம், மாஸ்டர்; பாசி பிடிச்ச கல்லைக் கண்டால்தான் பயம்." சதை போன கூட்டின்மேல்தான் பாசி ஏறும். எந்த நூலும் இதனிலும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அவர் கண்டு பேசிய பேச்சு அது. உச்சமுனைக்கு மேற்கே கடலுள் கிடக்கும் பெரும் முருகைத் திட்டு, பார் ரீஃப் எனப்படுவது, 1992 இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1998 இல், நாம் மாணவராயிருந்த காலத்தில், எல் நினோ வெப்பத்தால் அதன் ஆழமற்ற பகுதிகளில் இருந்த முருகையிலே பெரும்பாலானது வெளுத்து மாண்டது. பல ஆண்டுகளில் அது மெல்லத் தளிர்த்து வந்தபோது 2016 இல் மீண்டும் வெளுத்தது. 2024 சித்திரையில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் வாசித்திருந்த நம் மாணவர், தொட்டியில் வெள்ளையைக் கண்டதும் வெளுப்பு என்றே முடிவு கட்டி, விளக்கின் ஒளியைக் குறைத்தார். விசிறி வைத்து நீரைக் குளிர்வித்தார். அயடீன் கலந்த மருந்தொன்றையும் ஊற்றினார். மூன்றும் ஒரே நாளில்! பின்னர் முருகை தேறினாலும் மாண்டாலும் எதனால் என்று எவர் சொல்லமுடியும்?

நாம் மருந்து எதுவும் எழுதவில்லை. கேள்விகள் சிலவும் படங்கள் சிலவும் கேட்டோம். வெண்மை எங்கே தொடங்கிற்று, நுனியிலா அடியிலா? நீரின் வெப்பம் எவ்வளவு? அதே தொட்டியிலுள்ள பிற உயிர்கள் எப்படி? இரவிலே விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கிளைகளில் வட்டமான கடித்த அடையாளங்கள் உண்டா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. மான்கொம்பு முருகையைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று இருக்கிறது. முருகையின் நிறமே தன் நிறமாய் ஒட்டிக்கிடப்பதால் பகலிற் கண்ணுக்குத் தப்பிவிடும். வட்டக் கடிவாய்களும் கிளையடியிலுள்ள முட்டைத் திரள்களுமே அதனைக் காட்டிக்கொடுக்கும். அவை இல்லையென்று பதில் வந்தது. வெப்பம் 26 பாகை; ஆண்டு முழுவதும் மாறவில்லை. ஆகவே வெப்ப வெளுப்பு அன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெண்மை அடியிலே தொடங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போன்ற எல்லைக்கோடு. அக்கோட்டின் ஓரத்திலே சதை நைந்து உரிந்துகொண்டிருந்தது. வெளுப்பிலே சதை தங்கும், நிறம் போகும். இங்கே சதையே போகின்றது. நுனிகளில் மட்டும் நிறமும் உயிரும் எஞ்சியிருந்தன.

பிற உயிர்கள் எப்படி என்ற கேள்விக்கு வந்த விடைதான் நம்மை வழிக்குக் கொண்டுவந்தது. பக்கத்திலிருந்த மென்முருகை பல நாட்களாகச் சுருங்கிக் கிடக்கிறதாம்; நத்தைகள் கண்ணாடியில் ஏறாமல் அடியிலே கிடக்கின்றனவாம். ஓர் உயிர் மட்டும் நலிந்தால் அவ்வுயிரின் நோயைத் தேடலாம். எல்லாம் சேர்ந்து நலிந்தால் நீரையே நாடிபிடிக்க வேண்டும்.

நீரின் உவர்ப்பைக் கேட்டோம். ஒப்படர்த்தி 1.025, சரியாகத்தான் இருக்கிறது என்றார். அது குறைந்து குறைந்து போவதாகவும், மூன்று மாதமாகத் தாம் சிறிது சிறிதாக உப்புச் சேர்த்து அதை நிலைநிறுத்துவதாகவும் பெருமையோடு எழுதினார்! நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர், உப்பு போவதில்லை. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றிலே நீர் இன்னும் விரைவாக வற்றும். அங்ஙனமிருக்க, உப்பு எப்படிக் குறையும்?

அவர் அளந்த கருவியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊசியொன்று மிதந்து எழும்பி எண்ணைக் காட்டும் மலிவான நீரமானி அது. ஊசியின்மேல் உப்பு வெண்மையாய்ப் பொருக்குக் கட்டியிருந்தது. பொருக்கின் பாரத்தால் ஊசி எழும்பவேண்டிய அளவு எழும்பவில்லை. எண் குறைவாய்க் காட்டிற்று. அவர் உப்பைக் கொட்டினார். பொருக்கு மேலும் தடித்தது; எண் மேலும் குறைந்தது; மேலும் கொட்டினார்.

இவருடைய வகுப்பைப் புத்தளம் உப்பளத்துக்கு நாம் ஒருமுறை அழைத்துப் போயிருந்தோம். பாத்தியின் நீரை அளக்குமுன் அங்கிருந்த தொழிலாளி மானியை நன்னீரிற் கழுவித் துணியால் துடைத்தார். ஏன் என்று கேட்ட மாணவருக்கு, "உப்புப் பிடிச்ச மானி பொய் சொல்லும், தம்பி" என்றார். அன்று கேள்வி கேட்டவர் இதே மாணவர்தான் என்பது நமக்கு நல்ல ஞாபகம். அதையும் எழுதினோம், ஆசிரியத் தொழிலில் கிடைக்கும் சிறு இன்பங்களை விட மனம் வருவதில்லை.

மறுநாள் அவர் குப்பியொன்றில் தொட்டிநீரைக் கடைக்குக் கொண்டுபோய், ஒளிமுறிவுமானியால் அளப்பித்தார். 1.031. ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கவேண்டிய உப்பு 41 பங்களவில் நின்றது. அதனை ஒரே நாளில் இறக்கினால் எஞ்சியதும் மாண்டுபோகும். நாளொன்றுக்கு ஓராயிரத்தில் ஒன்றளவே ஒப்படர்த்தி குறையும்படி, உப்புநீரைச் சிறிது எடுத்துச் சுத்திகரித்த நன்னீரை ஊற்றும்படி எழுதினோம். அதுவரை வேறெதையும் தொடவேண்டாம் என்றோம். உரியும் கோடு நுனியை எட்டுமுன் உயிருள்ள மூன்று நுனிகளை ஒடித்து, புதிய கல்லில் சூப்பர் குளூ பசையால் ஒட்டிவைக்கவும் சொன்னோம். முருகை வளர்ப்போர் கன்று எடுப்பதும் இம்முறையிலேதான். அவருடைய முருகையும் பண்ணையிலே இவ்வாறு வளர்க்கப்பட்ட துண்டுதான். நம் நாட்டிலே கல்முருகை இனங்கள் யாவும் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே இதனை வாசிக்கும் மாணவர் எவரும் கடலிலிருந்து ஒரு கிளையையேனும் முறித்துவர எண்ணவேண்டாம்.

இனிப் பிள்ளையின் வழக்கு. அவள் கைவிட்டதற்கு எட்டு நாள் முன்பு அவளுடைய பிறந்தநாள். கேக் வெட்டும் படமொன்றில் பின்னே தொட்டி தெரிந்தது. நகத்தளவு வெள்ளை வளையம் முருகையின் அடியில் அப்பொழுதே இருந்தது. அதைச் சிவப்பு வட்டமிட்டு, "இந்த வளையம் உன் கைக்கு முந்தியது" என்று அவளுக்கே தனியாக எழுதினோம். கைகளைக் கழுவிவிட்டே தொட்டியைத் தொடவேண்டும் என்பதையும் சேர்த்தோம். சவர்க்காரமும் கிறீமும் தொட்டிக்கு ஆகா.

தாய் முருகை பிழைக்கவில்லை. ஒட்டிவைத்த மூன்று நுனிகளில் ஒன்றும் போயிற்று. மற்ற இரண்டும் பங்குனிக் கடைசியில் பரிசக்கொம்புகளை நீட்டத் தொடங்கின. அந்தப் படத்தைப் பிள்ளையே எடுத்து அனுப்பியிருந்தாள். அதைக் கைபேசியிலே காட்டியபோது உச்சமுனைப் பாட்டியார் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கல்லை விடுங்க, மாஸ்டர், பிள்ளை சாப்பிட்டுதாமா?" என்றார். சாப்பிடுகிறாளாம் என்றோம்.