பத்து லட்சம் டாலரும் ஒரே ஒரு சுற்றும்

நாஸ்கார் என்று சொன்னாலே நம்ம மக்களில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். "செக்குமாடு மாதிரி இடது பக்கமாவே சுத்திக்கிட்டு இருப்பானுங்களே, அதுவா?" என்பார்கள். நம்ம கோயமுத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010ல் அங்கே போய் டிரக் பந்தயங்களில் ஓட்டியபோது கொஞ்ச நாள் எட்டிப் பார்த்தோம். அந்த வருஷம் அந்தப் பிரிவில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. அத்தோடு சரி, மறுபடி கிரிக்கெட்டுக்கே போயிட்டோம் :-)

எனக்கு அந்தச் செக்குமாட்டு ஆட்டம் பிடிக்கும். காரணம் ஆலன் குல்விக்கி என்று ஒருத்தர். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப் போனவர். நம்மளை மாதிரியே ஒரு இன்ஜினியர். மெக்கானிக்கல், விஸ்கான்சின் மில்வாக்கி பல்கலைக்கழகம், 1977 பேட்ச். நாஸ்காரின் உச்சப் பிரிவில் பட்டம் வென்ற முதல் கல்லூரிப் பட்டதாரி அவர்தான்.

இவர் கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கையில் இருந்ததை எல்லாம் விற்றார், ஊரை விட்டுக் கிளம்பினார், பத்து லட்சம் டாலரை உதறினார், சாம்பியன் ஆனார், ஆகவே நண்பர்களே, நீங்களும் கனவைத் துரத்துங்கள். எங்கள் ஆபீஸ் குரூப்பில் இந்த ரகத்தில் வாரத்துக்கு ஒரு ஃபார்வர்ட் வரும். அதைப் படித்துவிட்டு என் நண்பன் ஒருத்தன் ராஜினாமாக் கடிதம் டைப் பண்ணி வைத்திருக்கிறான். இன்னும் அனுப்பவில்லை. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, போன வருஷம்தான் குழந்தை பிறந்தது. அவனுக்காகவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: குல்விக்கி கதை துணிச்சலின் கதை இல்லை. கணக்கின் கதை. துணிச்சல் அதில் உண்டு, ஆனால் கணக்கைப் போட்டு முடித்த பிறகுதான் வருகிறது.

முதலில் அவர் வந்த பாதையைப் பாருங்கள். பதிமூன்று வயதில் கோ-கார்ட். அப்பா பந்தய இன்ஜின் கட்டுகிறவர். ஆனாலும் பையன் பெரும்பாலான வேலையைத் தானே செய்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் விஸ்கான்சினின் சின்னச் சின்ன ஓடுதளங்கள். ஒரு மைலுக்குக் குறைவான வட்டத்தை அங்கே ஷார்ட் டிராக் என்பார்கள். ஹேல்ஸ் கார்னர்ஸில் மண் தரை. ஸ்லிங்கரில் கால் மைல் வட்டம், வளைவில் 33 டிகிரி சரிவு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வினாடி அளவுதான் ஆகும். கவ்கானாவில் 1979, 1980 இரண்டு வருஷமும் இவர்தான் சாம்பியன். அதற்குப் பிறகு ஏ.எஸ்.ஏ. தொடர். அங்கே எதிரே நின்றவர்கள் டிக் டிரிக்கிள், ரஸ்டி வாலஸ், மார்க் மார்ட்டின். லேசுப்பட்ட ஆட்கள் இல்லை.

ஷார்ட் டிராக்கில் என்ன விசேஷம்னு கேட்டா, அங்கே தப்பு உடனே தெரிஞ்சிடும். ஸ்பிரிங்கை மாற்றினால், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், எடையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளினால், பலன் அன்றைக்கு ராத்திரியே கையில். மறு வாரம் திரும்பவும் போய்ப் பரிசோதிக்கலாம். நம்ம பாஷையில் சொன்னால், ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ் விடுகிறவனுக்கும் தினம் ஒரு பில்ட் போட்டு டெஸ்ட் பண்ணுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்பேனரைப் பிடிக்கிறதும் தானே, ஓட்டுகிறதும் தானே என்று இருக்கிறவனுக்குக் காரின் எந்த மூலை எப்படி நடந்துகொள்ளும் என்பது உடம்பில் ஏறிவிடும். குல்விக்கி இதைப் பத்து வருஷத்துக்கும் மேலே செய்தார்.

ஆக, 1985ல் அவர் சாமான்களை எல்லாம் விற்றுவிட்டு சார்லட் பக்கம் கிளம்பியபோது கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. (கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னாடி அவருடைய பிக்கப் டிரக் தீப்பிடித்து எரிந்து, இரவல் வண்டியில் போனார் என்பது தனிக்கதை.) 1986ல் முழு வருஷமும் வெறும் இரண்டே கார்களை வைத்துச் சமாளித்து, சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். 1988ல் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி. ஜெயித்ததும் காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார், ஓட்டுநர் ஜன்னல் ரசிகர்கள் பக்கம் இருக்கட்டும் என்று. போலந்து வம்சாவளி என்பதால் அதற்குப் போலிஷ் வெற்றிச் சுற்று என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இனி அந்தப் பத்து லட்சம் டாலர் மேட்டருக்கு வருவோம்.

ஜூனியர் ஜான்சன் என்றால் அந்த ஊரில் பெரிய தலை. அவர் அணி ஆறு முறை சாம்பியன் பட்டம் வாங்கியது. அவர் குல்விக்கியை இரண்டு முறை கூப்பிட்டார். 1990 முடிவில் கூப்பிட்டபோது பேசப்பட்ட தொகைதான் பத்து லட்சம். குல்விக்கி மாட்டேன் என்றார். இந்த இடத்தில்தான் ஃபார்வர்ட் அனுப்புகிறவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இன்னொரு ஸ்பான்சர், ஒரு காபி நிறுவனம், தனக்குக் கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் அவர் மறுத்தார். அந்த ஸ்பான்சரும் கடைசியில் ஜான்சன் பக்கமே போய்விட்டது. 1991 சீசனை நிரந்தர ஸ்பான்சர் இல்லாமல் ஆரம்பித்தார் மனிதர். டேடோனாவில் அமெரிக்க ராணுவத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு ஓட்டினார். அட்லாண்டாவில் வேறொரு காருக்குப் பணம் போட்டிருந்த ஹூட்டர்ஸ் உணவக நிறுவனம், அந்தக் கார் தகுதிச் சுற்றிலேயே தேறாமல் போக, இவர் பக்கம் திரும்பியது. அந்த இன்னொரு கார் மட்டும் தேறியிருந்தால் இன்றைக்கு ஃபார்வர்டும் இல்லை, பதிவும் இல்லை. அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு ஒரு கதையைச் சொல்வது, டெஸ்ட் ரிப்போர்ட்டில் பாஸ் ஆனதை மட்டும் காட்டுவது மாதிரி.

சரி, 1992. செப்டம்பரில் டோவரில் மோதி வெளியேறியபோது, முதலிடத்துக்கு 278 புள்ளி பின்னால். மீதி ஆறே பந்தயம். எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். நவம்பர் 15, அட்லாண்டா, கடைசிப் பந்தயம். ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசி, ஜெஃப் கார்டன் என்ற சின்னப் பையனுக்கு அது முதல். ஆறு பேருக்குப் பட்டம் கிடைக்க வாய்ப்பு. டேவி ஆலிசன் முன்னணியில், குல்விக்கி 30 புள்ளி பின்னால், பில் எலியட் 40 புள்ளி பின்னால். எலியட் ஓட்டியது யார் காரை தெரியுமா? அதே ஜூனியர் ஜான்சன் காரை. குல்விக்கி தன் ஃபோர்ட் தண்டர்பேர்டின் முன்பக்கத்தில் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு 'அண்டர்பேர்ட்' ஆக்கி வைத்திருந்தார்.

ஆலிசன் விபத்தில் சிக்கிப் பின்தங்கினார். பாக்கி இரண்டு பேர். இப்போ கணக்கு. முதலிடத்துக்கு 175 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 170. ஒரு சுற்றாவது முன்னணியில் போனால் 5. அதிகச் சுற்றுகள் முன்னணியில் போனவருக்கு இன்னும் ஒரு 5. எலியட் ஜெயித்து, அதிகச் சுற்றும் அவருடையதாக இருந்தால் 185. இரண்டாவது வரும் குல்விக்கிக்கு 175. ஏற்கனவே இருந்த பத்துப் புள்ளி வித்தியாசம் அடிபட்டு இருவரும் சமம். சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம்: எலியட்டுக்கு 5, குல்விக்கிக்கு 2. முடிஞ்சது கதை.

முதல் பிட் நிறுத்தத்திலேயே அவருக்கு முதல் கியர் போய்விட்டது. பிட்டிலிருந்து வேகமாகக் கிளம்ப முடியாது. ஆனால் தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸும் குழுவும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 328 சுற்றுப் பந்தயத்தில் 310 வரை முன்னணியில் நின்றால் போதும், எலியட் மீதியை எல்லாம் முன்னணியில் ஓட்டினாலும் எட்ட முடியாது. அதுவரை வெளியே இருந்துவிட்டுத்தான் பெட்ரோலுக்கு உள்ளே வந்தார். பந்தயத்தை எலியட் ஜெயித்தார். முன்னணிச் சுற்றுகள்: குல்விக்கி 103, எலியட் 102. மொத்தப் புள்ளி 4078க்கு 4068. ஒரே ஒரு சுற்று! பந்தயத்தில் தோற்று பட்டத்தை ஜெயித்தார் மனிதர். இறங்குவதற்கு முன் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வது வேறு அவர் வழக்கம் :-)

இதற்கு விலை இல்லையா? இருந்தது. எல்லாவற்றிலும் தானே கை வைக்க வேண்டும் என்கிற குணம். அவரிடம் வேலை செய்வது கஷ்டம் என்று பெயர். ரே எவர்ன்ஹாம் என்ற மூளைக்காரர் 1992 தொடக்கத்தில் இவரிடம் வந்து, ஒத்துப் போகாமல் சில வாரத்தில் வெளியேறினார். அவரே பின்னால் ஜெஃப் கார்டனுக்கு மூன்று சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். சொந்த அணி என்கிற சுதந்திரத்துக்கு இந்த நஷ்டமும் சேர்த்திதான்.

பட்டத்தை அனுபவிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. 1993 ஏப்ரல் 1, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்து. வயது 38. அந்த வாரம் பிரிஸ்டலில் ஜெயித்த பழைய எதிராளி ரஸ்டி வாலஸ், காரை எதிர்த்திசையில் திருப்பி அந்தச் சுற்றை வந்தார்.

இன்றைக்கு இன்னொரு குல்விக்கி வர முடியுமா? என்னைக் கேட்டால் ரொம்பக் கஷ்டம். 2016லிருந்து அங்கே 36 சார்ட்டர்கள், அதாவது நிச்சய இடங்கள். ஒன்றை வாங்க பல மில்லியன் டாலர் வேண்டும். ஒட்டி வைத்த ரெண்டு காரோடு வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு வாசல் குறுகிவிட்டது. ஆனால் ஷார்ட் டிராக் இன்னும் இருக்கிறது. அவர் பெயரில் 2015ல் தொடங்கிய இளம் ஓட்டுநர் உதவித் திட்டத்தில் முதலில் ஜெயித்த விஸ்கான்சின் பையன் டை மஜெஸ்கி, 2024ல் டிரக் பிரிவின் சாம்பியன். ஏணி முழுசா உடையவில்லை, மேல்படிகளின் விலைதான் ஏறிவிட்டது.

ஆகவே என் நண்பனுக்குச் சொல்வது: ராஜினாமாவை அனுப்பாதே என்று சொல்ல நான் யாருடா? ஆனால் உன் ஷார்ட் டிராக் எது? அதில் எத்தனை வாரம் ஓட்டியிருக்கிறாய்? உன் 310-வது சுற்று எது, அதுவரைக்கும் டேங்க்கில் எண்ணெய் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் எண்ணில் பதில் இருந்தால் கிளம்பு, வழியனுப்ப நான் வருகிறேன். "பார்த்துக்கலாம் மச்சி" என்பதுதான் பதில் என்றால், இன்னும் ஒரு வருஷம் வாரக் கடைசியில் மட்டும் ஓட்டு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் கும்மலாம்.