ஊருக்குரிய கழகம்

அரியலூர் சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்டு ஆலைகளாலும் பெயர் பெற்றது. பெரம்பலூர் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவற்றால் சிறந்தது. இத்தகைய சிறு நகரங்களில் புகழ்மிக்க கால்பந்துக் கழகம் ஒன்று தோன்றி நிலைத்தல் கூடுமோ எனச் சிலர் ஐயுறலாம். கூடும் என்பதே எம் கருத்து. ஆயின், அக்கழகம் யாருக்கு உரியது என்பதைப் பொறுத்தே அதன் வாழ்நாள் அமையும். இதற்கு இரண்டு ஊர்களின் வரலாறு சான்றாகும்.

பஞ்சாபு மாநிலத்தில் பக்வாரா என்னும் தொழில் நகரம் உள்ளது. அங்கிருந்த ஜே.சி.டி. துணி ஆலையார் 1971-ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினர். ஐ. எம். விஜயன், பாய்ச்சுங் பூட்டியா போன்ற சிறந்த வீரர்கள் அதில் ஆடினர். 1996-97-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற தேசியக் கால்பந்து லீக் போட்டியில், கல்கத்தாவின் பெருங்கழகங்களையும் பின்தள்ளி அது முதலிடம் பெற்றது. ஆயினும், 2011-ஆம் ஆண்டில் ஆலையார் கழகத்தைக் கலைத்துவிட்டனர். நாற்பது ஆண்டுப் புகழ் ஒரே முடிவில் மறைந்தது. ஊரார் கைதட்டி மகிழ்ந்தனரேயன்றிக் கழகத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. ஆதலின் அதனைக் காக்கும் வழியும் அவர்களுக்கு இல்லை.

அதே 2011-ஆம் ஆண்டில், கடல் கடந்த வேல்சு நாட்டிலும் ஒரு கழகம் அழிவின் விளிம்பில் நின்றது. அது ரெக்சம் என்னும் ஊரின் கழகம். குளிர்காலத்தில் ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டுமென்று கிரிக்கெட் சங்கத்தார் 1864-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். சுரங்கத் தொழிலாளர் அதனைத் தம் உயிரெனப் போற்றினர். 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று, அருகிலிருந்த கிரெஸ்போர்டு நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 266 பேர் மாண்டனர். அன்று பிற்பகல் நடைபெறவிருந்த ஆட்டத்தைக் காணும் ஆவலால், அவர்களுட் பலர் தொடர்ந்து இருமுறை வேலை பார்த்தனர் என்பர்.

அத்தகைய கழகம் பொருள் நெருக்கடியில் சிக்கியபோது, பிணைத்தொகை கட்டினாலன்றிப் போட்டியில் ஆட இயலாது என லீக் நிருவாகத்தார் அறிவித்தனர். ஊரார் ஒரே நாளில் ஒரு இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினர். பின்னர் அவர்களுடைய சங்கமே கழகத்தை ஏற்று நடத்தியது.

“செல்வர் துணையின்றிக் கழகம் உயருமோ?” என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. 2021-ஆம் ஆண்டில் வட அமெரிக்க நடிகர் இருவர் ரெக்சம் கழகத்தை வாங்கினர். அதன்பின் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கழகம் தொடர்ந்து மேல்நிலைக்கு உயர்ந்தது. ஆயினும், சங்க உறுப்பினர் வாக்களித்து இசைந்த பின்னரே அவர்கள் அதனைப் பெற்றனர். மேலும், 2011-இல் ஊரார் காவாதிருந்தால், 2021-இல் வாங்குவதற்குக் கழகமே இருந்திராது.

ஆலைகள் உதவட்டும், செல்வர் கொடை வழங்கட்டும். அவை பயிருக்கு இடும் எருவை ஒக்கும். வேரோ ஊராரின் உரிமையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் சிறு சந்தா செலுத்துதல், கணக்கைப் பலரறியப் படித்தல், உறுப்பினர் வாக்கால் முடிவு செய்தல் ஆகிய மூன்றும் அவ்வுரிமையைக் காக்கும். மாணவர்களே! இப்பழக்கத்தை உங்கள் பள்ளி அணியிலேயே தொடங்குங்கள். ஊர் கூடி இழுக்கும் தேரே நிலை சேரும்.