புண்ணியமா? சம்பளமா?

கை கால் வழங்காதவர்களையும், அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும், படுத்த படுக்கையாய் இருப்பவர்களையும் கூடவே இருந்து தூக்கி, துடைத்து, ஊட்டி, உடுத்தி, இரவெல்லாம் கண் விழித்துக் காக்கின்ற வேலைக்கு என்ன சம்பளம் என்று கேட்டால், நம் நாட்டில் இரண்டு விதமான பதில் வருகின்றது. ஒன்று, "இதற்கெல்லாம் விலை போட முடியுமா? இது தெய்வத் தொண்டல்லவா?" என்பது. மற்றொன்று, "ஏதோ பார்த்துக் கொடுக்கிறோம்" என்பது. முதல் பதிலைச் சொல்லுகின்றவரும் இரண்டாவது பதிலைச் சொல்லுகின்றவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இந்தத் தந்திரத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரின் பெருமையாகச் சொல்லப்படுகின்ற புராணமே இதற்கு உதாரணம். பூசலார் என்ற ஏழை பக்தர் கையில் காசில்லாததால் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினாராம். காஞ்சியில் பல்லவ ராஜா கல்லால் கட்டிய கோயிலின் கும்பாபிஷேகத்தை வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டுக் கடவுள் இந்த மனக் கோயிலுக்கு எழுந்தருளினாராம். நம்புகின்றவர்கள் நம்பட்டும். நாம் கேட்பது ஒன்றே. மனக் கோயிலுக்குக் கல் தச்சன் உண்டா? மண் சுமந்தவன் உண்டா? சாயங்காலம் கூலிக்கு நின்றவன் உண்டா? கல்லில் கட்டினால் கூலி கொடுத்தாக வேண்டும். மனத்தில் கட்டினால் ஒரு காசும் வேண்டியதில்லை. அதே ஊர்ப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு "என்னைப் பெற்ற தாயார்" என்று பெயர். தாய்க்குப் பட்டமும் பட்டுப்புடவையும் கொடுக்கத் தெரிந்த ஜனங்கள், ஊனமுற்ற பிள்ளையை இருபது முப்பது வருஷம் தூக்கிச் சுமக்கின்ற தாய்க்கு என்ன கொடுத்தார்கள்? மனக் கோயில் கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்குப் பதிலாகக் கூலிக்கு வருகின்ற ஆயாவுக்கோ மனச் சம்பளம் கொடுக்கின்றார்கள்.

இனி, இந்தச் சம்பளம் எப்படி நிர்ணயமாகின்றது என்பதைப் பார்ப்போம். வழி மூன்று.

முதல் வழி, வீடு. திருநின்றவூர், ஆவடி, பட்டாபிராம் பக்கத்துப் பெண்கள் மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்கு வீட்டு ஆயா வேலைக்கும் ஹோம் நர்ஸ் வேலைக்கும் போகின்றார்கள். ஏஜென்சிக்காரர் 12 மணி டூட்டி, 24 மணி டூட்டி என்று ரேட்டுப் பேசுகின்றார். வீட்டார் கொடுப்பது ஒன்று, ஆயா கையில் சேருவது ஒன்று. இடையில் நிற்பது கமிஷன். நோயாளியின் எடை எவ்வளவு, வலிப்பு வருமா, படுக்கைப் புண் இருக்கின்றதா, இரவில் எத்தனை தரம் புரட்டிப் போட வேண்டும் என்கின்ற கணக்கு அந்த ரேட்டில் பெரும்பாலும் கிடையாது. வேலைக்கு வருகின்றவளுக்கு எவ்வளவு கஷ்டம், எவ்வளவு குறைத்தால் சம்மதிப்பாள் என்பதே கணக்கு.

இரண்டாவது வழி, இல்லங்கள். தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய சர்க்கார் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் மானியம் கொடுக்கின்றது. அதில் வேலை செய்கின்றவருக்குக் கொடுப்பதன் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம்! கலெக்டர் வாங்குவது சம்பளம். மந்திரி வாங்குவது சம்பளம். மலஜலம் துடைக்கின்றவர் வாங்குவது மாத்திரம் மதிப்பாம். மதிப்பு அதிகமாக அதிகமாக ஊதியம் குறையும் என்பது எந்த ஊர்ச் சித்தாந்தமோ நமக்கு விளங்கவில்லை.

மூன்றாவது வழி, குடும்பம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்றால் யார் என்று சொல்லுகின்றபோது, சம்பளம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கின்றவர், பெற்றோரும் உட்பட, என்கின்றது. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவில், அதிக உதவி தேவைப்படுகின்றவர்களுக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்க வேண்டும் என்றும் இருக்கின்றது. எவ்வளவு என்று இல்லை. கேரளத்தில் "ஆஸ்வாசகிரணம்" என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வைத்தார்கள். தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய் வைத்தார்கள். இந்த ஆயிரத்தை அளந்து பார்ப்போம். இதே தமிழ்நாடு சர்க்கார் 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்த கூலி மணிக்கு 37 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதுவே சொற்பம். அந்தச் சொற்பக் கணக்கின்படியே, 1000 ரூபாய் என்பது மாதத்துக்கு 27 மணி நேர வேலையின் கூலி. அதாவது நாளொன்றுக்கு ஒரு மணி நேரங்கூட இல்லை. மீதி 23 மணி நேரமும் அந்தப் பிள்ளைக்குப் பசிக்காதா? தாகம் எடுக்காதா? மூத்திரம் வராதா?

"கூலியைக் கணக்குப் போடுவது அவ்வளவு சுலபமா?" என்று சிலர் கேட்கலாம். கணக்கு எப்போதோ போட்டாகிவிட்டது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மகாநாடு, ஒரு தொழிலாளியின் சம்பாத்தியத்தில் மூன்று பங்கு ஆட்கள் சாப்பிட வேண்டும், ஆளுக்கு 2700 கலோரி உணவு வேண்டும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி வேண்டும், வீட்டு வாடகை வேண்டும், விறகு விளக்கு முதலியவைகளுக்கு 20 சதவிகிதம் வேண்டும் என்று திட்டம் செய்தது. 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் என்ற கம்பெனித் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், வயோதிக காலம் முதலியவைகளுக்காக இன்னும் 25 சதவிகிதம் சேர்க்க வேண்டுமென்றது. இந்தக் கணக்கையே அடிப்படையாக வைத்துத்தான் 7-ஆவது சம்பளக் கமிஷன், மத்திய சர்க்காரின் கடைசிப்படி ஊழியருக்கு 2016 முதல் மாதம் 18,000 ரூபாய் என்று கண்டுபிடித்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை ஊழியருக்குப் பசி 2700 கலோரி. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஆயா வேலை செய்கின்றவளுக்குப் பசி புண்ணியத்தால் அடங்கிவிடுமா? புண்ணியத்தைப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு போனால் மளிகைக் கடைக்காரர் அரிசி அளப்பாரா?

சட்டம் இவர்களை எப்படி நடத்துகின்றது என்பதுதான் இன்னும் வேடிக்கை. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி, தர்ம ஸ்தாபனம் என்ற பெயர் மாத்திரமே தப்பித்துக்கொள்ளப் போதாது, ஆள் வைத்து ஒழுங்காக நடத்துகின்ற வேலை தொழில்தான் என்கின்ற மாதிரி தீர்ப்புச் சொன்னார்கள். நியாயமான பேச்சு. தர்மம் செய்ய வந்தவர் முதலாளி. வேலை செய்ய வந்தவர் தர்மம் செய்ய வரவில்லையே! ஆனால் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள 2020-ஆம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது தெரியுமா? "தொழில்" என்ற சொல்லிலிருந்து தர்ம, சமூக சேவை ஸ்தாபனங்களை விலக்கிவிட்டது. வீட்டு வேலையையும் விலக்கிவிட்டது. மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கின்றவர்கள் வேலை செய்வதே இந்த இரண்டு இடங்களில்தான்! ஒருபுறம், எல்லா வேலைக்கும் குறைந்த கூலி உண்டென்று 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லுகின்றது. மறுபுறம், கூலிக்காகக் கூடிப் பேரம் பேசவும் தாவா நடத்தவும் உள்ள வாசலை இவர்களுக்கு மாத்திரம் சாத்துகின்றார்கள். கையில் சாதத்தைக் காட்டி வாயைக் கட்டுவதற்கு வேறு பெயர் உண்டா?

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கின்றது? ஊனம் என்பது பூர்வ ஜென்ம பாவத்தின் பலன் என்று சொல்லி வைத்தார்கள். ஆகவே அவர்களைக் காப்பது சர்க்காரின் கடமை ஆகாமல் தர்மவான்களின் கருணை ஆயிற்று. மலஜலம் தொடுகின்ற வேலை இழிவானது என்று சொல்லி வைத்தார்கள். ஆகவே அது தாழ்ந்த ஜாதியென்று ஒதுக்கப்பட்டவர் தலையில் விழுந்தது. பணிவிடை என்பது பெண்ணுக்குப் பிறவிக் குணம் என்று சொல்லி வைத்தார்கள். ஆகவே அதற்குத் தேர்ச்சி வேண்டியதில்லை, தேர்ச்சியில்லாத வேலைக்குக் கூலியும் வேண்டியதில்லை என்றாயிற்று. மூன்று பொய்யும் சேர்ந்து ஒரு ரேட்டைப் பிறப்பித்தன. வலிப்பு வந்தவரை மூச்சடைக்காமல் பக்கவாட்டில் கிடத்துவதும், 70 கிலோ மனிதரைத் தன் முதுகு ஒடியாமல் சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும், பேச்சு வராதவரின் கண்ணசைவைப் படிப்பதும் தேர்ச்சியில்லாத வேலையென்றால், தேர்ச்சி என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் 2012-இல் அந்நாட்டுத் தொழில் நியாயமன்றம், சமூக சேவைத் தொழிலாளரின் கூலி குறைந்திருப்பதற்கு அது பெண்கள் வேலையாய் இருப்பதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டு, 23 முதல் 45 சதவிகிதம் வரை படிப்படியாய் 2020-க்குள் உயர்த்த உத்தரவிட்டது. அங்கே சர்க்கார் ஊனமுற்றோர் உதவிக்கு மணிக்கு இவ்வளவு என்று விலை வைக்கின்றபோது, சட்டப்படியான கூலியை முதலில் வைத்து, அதன்மேல் விடுமுறை, ஓய்வுகால நிதி, மேற்பார்வைச் செலவு முதலியவைகளைக் கூட்டுகின்றார்கள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 2021-இல், பராமரிக்கப்படுகின்றவர் வீட்டிலேயே இரவு தங்கித் தூங்குகின்ற நேரத்துக்குக் குறைந்த கூலி கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. எந்த நாட்டிலும் கேட்காமல் கிடைக்காது என்பதற்கே இதைச் சொல்லுகின்றோம்.

"சம்பளத்தை உயர்த்தினால் ஊனமுற்றவரின் ஏழைக் குடும்பம் எங்கே போகும்?" என்று ஒரு கேள்வி வரும். இது நேர்மையான கேள்வி; மழுப்பக் கூடாது. அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஏழை ஆயாவையும் ஏழைத் தாயையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கி வைத்துவிட்டுப் பொதுப்பணம் சும்மா இருப்பதைத்தான் கண்டிக்கின்றோம். ரோட்டுக்கும் பாலத்துக்கும் போகின்ற வரிப் பணம் மனிதனைத் தூக்கி உட்கார வைப்பதற்கு ஏன் போகக் கூடாது?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. இந்த வேலையைத் தேர்ச்சி பெற்ற வேலை என்று பெயரிட்டு, மணிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்க வேண்டும். இரவு காவலும் வேலையென்று எண்ணப்பட வேண்டும். 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஒருவருக்கு எவ்வளவு உதவி வேண்டுமென்று மதிப்பிடுகின்றபோது, நாளைக்கு எத்தனை மணி என்றும் எழுதி, அந்த மணியைக் கூலியால் பெருக்கிப் பராமரிப்பாளர் படி கொடுக்க வேண்டும். இல்லங்களுக்குக் கொடுக்கின்ற மானியத்திலும் அதே கூலியை வைக்க வேண்டும். தர்மத்துக்கும் வீட்டு வேலைக்கும் கொடுத்த விதிவிலக்கை எடுத்தெறிய வேண்டும். கூலி நிர்ணயக் கமிட்டியில் ஆயாக்களும் மாற்றுத்திறனாளிகளும் உட்கார வேண்டும்.

ஆயாக்களே, அட்டெண்டர்களே! உங்களைத் தெய்வம் என்று ஒருவர் புகழ்ந்தால், அந்தக் கணமே மடிப்பையைத் தொட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள். தெய்வத்துக்குப் படையலைக் காட்டுவார்கள், பிறகு தாங்களே எடுத்துச் சாப்பிடுவார்கள். நீங்கள் தெய்வமாக வேண்டாம். சம்பளம் வாங்குகின்ற மனிதர்களாக இருங்கள். அதற்காகச் சங்கமாகச் சேருங்கள்.