மோதச் சொன்னவர் எங்கே இருந்தார்?

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றித் தமிழில் காணொளி போடுறவங்க பெருகிட்டாங்க. நல்லதுதான். நாங்களும் பார்க்கிறோம், பதுளையில பஸ் ஏறி பசறை போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று முடிந்துவிடும். ஆனா எதிரியின் குண்டுவீச்சு விமானத்தில் தன் விமானத்தையே கொண்டுபோய் மோதுகிற கதை வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் பேச ஆரம்பிக்கிறார்கள். பின்னணி இசை ஏறும். வீரம், தியாகம், கீழே கமெண்ட் முழுக்க நெருப்புப் படம். இந்த மரியாதை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் எங்கள் சண்டை.

ஒன்றைப் பிரித்துவிடுவோம். 1914 செப்டம்பரில் ரஷ்ய விமானி நெஸ்தெரோவ் ஆஸ்திரிய விமானம் ஒன்றில் மோதி இறந்தார். 1941 ஆகஸ்டில் மாஸ்கோ பக்கம் தலாலிகின் என்ற இளைஞர் ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தில் மோதி, பாரசூட்டில் இறங்கிப் பிழைத்தார். அவை வானத்தில், அந்த நொடியில், அந்த ஆளே எடுத்த முடிவுகள். அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. நாங்கள் பேசுவது மேசையில் உட்கார்ந்து எழுதின திட்டத்தைப் பற்றி.

1945 ஏப்ரல் 7, ஜெர்மனி. ‘சொண்டர்கொமாண்டோ எல்பே’ என்று ஒரு படை. ஏறத்தாழ 180 மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள். பாரம் குறைய வேண்டும் என்று காப்புத் தகடுகளைக் கழற்றினார்கள், துப்பாக்கிகளையும் பெரும்பாலும் கழற்றினார்கள். அமெரிக்க விமானத்தின் வாலிலோ இறக்கையிலோ மோத வேண்டும், பிறகு குதித்துத் தப்பலாம் என்று கடதாசியில் இருந்தது. காரணம் என்ன? பெற்றோல். ஜெர்மனியிடம் விமானம் இருந்தது. பையன்களுக்கு ஒழுங்காக ஓட்டப் பழக்க எரிபொருளும் இல்லை, நேரமும் இல்லை. அரைகுறையாகப் பழகினவனால் வானத்தில் சண்டை போட முடியாது, ஆனா மோத முடியும். அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு வந்தவை 1300க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள். மோதி விழுத்தியவை இருபதைக்கூடத் தொடவில்லை. அடுத்த மாதம் 8ஆம் திகதி ஜெர்மனி சரணடைந்தது.

இந்த யோசனையைத் தள்ளிக்கொண்டு போனவர் ஹாயோ ஹெர்மன் என்ற அதிகாரி. கோழை என்று சொல்ல மாட்டோம், அதற்கு முன் நிறையப் பறந்தவர். ஆனா அன்றைக்கு மோதப் போனவர்களில் அவர் இல்லை. சோவியத் சிறையில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, வழக்கறிஞராகி, 2010இல் 97 வயதில் இறந்தார். செப்பலின் கம்பனி இதற்கென்றே ஒரு குட்டி விமானமும் வரைந்தது: இன்னொரு விமானம் இழுத்துப் போய்விடும், ரொக்கெட்டில் பாய்ந்து, பலப்படுத்திய இறக்கையால் எதிரியின் வாலை வெட்டும், ஓட்டுறவன் உள்ளே குப்புறப் படுத்திருப்பான். அது சண்டைக்கு வரவேயில்லை.

ஜப்பானில் 1944 நவம்பரிலிருந்து இதே கதை. பி-29 பறந்த உயரத்துக்கு ஜப்பானிய விமானங்களால் ஏற முடியவில்லை. துப்பாக்கியைக் கழற்று, தகட்டைக் கழற்று, ஏறு. எல்லாம் கழற்றின பிறகு ஆயுதம் என்று மிச்சமிருப்பது உள்ளே இருக்கிற பையன். ஒருவனுக்குப் பதினொரு பேர், ஏனென்றால் பி-29இல் பதினொரு பேர். லாபமாம்.

நம்ம தீவுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9 திருகோணமலைத் தாக்குதலில், சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஜப்பானிய விமானம் வேண்டுமென்றே பாய்ந்தது என்று ஒரு கதை இன்றைக்கும் ஓடுகிறது. 2009 பெப்ரவரி 20 இரவு நடந்தது கதையல்ல. புலிகளின் இரண்டு சிலின் 143, நாலு பேர் உட்காரும் சின்ன விமானங்கள், வன்னியிலிருந்து வந்தன. ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்கா பக்கம் விழுந்தது. அதற்குள் வன்னியில் சனம் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருந்தது. அந்த இரவால் அவர்களில் ஒருவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கவில்லை. ஜெர்மன்காரன் செய்தால் பைத்தியம், நம்மாள் செய்தால் காவியம் என்று எழுத எங்களால் முடியாது. கோபப்படுறவங்க கோபப்படட்டும்.

பதுளையில இருக்கிற உங்களுக்கு இது ஏன் என்று கேட்பார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்றுதான் பேர். சொன்ன கிலோ கொழுந்து வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். காலையில மலையேறின அம்மா முழு ஆள்தான், செக்ரோலில் பாதி. 2021இல் நாளுக்கு 1000 ரூபா என்று வந்தபோது பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போகும்வரை சனம் அங்கேயே இருந்தது. போர்விமானமும் லயமும் ஒன்றா? இல்லை. ஆனா ஆளைச் செலவுப் பக்கத்தில் எழுதுகிற கை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்கு ‘தியாகம்’ என்ற சொல் ரொம்ப வசதி. ஆள் தானாகவே போனான் என்று ஆகிவிடும், அனுப்பினவன் பேர் எங்கேயும் வராது.

அதனால காணொளி போடுற தோழர்களிடம் எங்கள் கோரிக்கை சின்னது. மோதினவனின் வயதைச் சொல்லும்போது, அவனுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதையும் தேடிச் சொல்லுங்கள். திட்டத்தை எழுதினவர் எந்த வயதில் இறந்தார் என்று அடுத்த வரியில் போடுங்கள். அந்த இடத்தில் இசையை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது.