முதல்நூல் நின்றது, வழிநூல் ஓடியது

சிறு வயதில் தாதரிலிருந்து சென்னைக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்கு இரண்டு இன்ஜின்கள். கல்யாண் வழியாக மலையேறிப் புனே வரை மின்சாரம். புனேயில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். அதற்குப் பிறகு ஜன்னலோரத்துக்குச் சண்டை கிடையாது. அரக்கோணம் வருவதற்குள் சட்டைக் காலர் கறுத்திருக்கும்.

அந்தக் கரிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருப்பது, கல்யாண் டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழரிடம் பேசியபோதுதான் தெரிந்தது.

1960களின் தொடக்கத்தில் நீராவியை விட்டு டீசலுக்கு மாற முடிவெடுத்த ரயில்வே, இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் இன்ஜின்களையும் இறக்கிப் பார்த்தது. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ். இன்னொன்று நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடியில் இருந்த ஆல்கோ. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினைப் புகழ்ந்தவர்கள் பலர். ஆனால் வரைபடத்தையும் தயாரிப்பு ரகசியத்தையும் தர இசைந்தது ஆல்கோதான். நமக்குத் தேவை இன்ஜின் மட்டுமல்ல, இன்ஜின் செய்யத் தெரிவதும்தான். ஆல்கோ வென்றது.

1962ல் முழு இன்ஜின்களாகவே வந்திறங்கிய அந்த ரகத்தின் பெயர் டபிள்யூ.டி.எம்.2. முதல் எழுத்து அகலப் பாதை, அடுத்தது டீசல், மூன்றாவது பயணிகள் ரயில், சரக்கு ரயில் இரண்டுக்கும் பொது என்பதைச் சொல்லும். பிறகு பாகங்களாக வந்தவற்றை வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலையில் பூட்டினார்கள். அங்கிருந்து வெளிவந்த முதல் இன்ஜினை 1964 ஜனவரி 3 அன்று லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

ஐந்தே ஆண்டில், 1969ல், ஆல்கோ தயாரிப்பை நிறுத்தி மூடப்பட்டது. கனடாவில் அதன் உறவுக் கம்பெனி மட்டும் சில காலம் தாக்குப்பிடித்தது. வாரணாசியோ 1998 வரை டபிள்யூ.டி.எம்.2 இன்ஜின்களைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. மொத்தம் 2,600க்கும் மேல். இதே குடும்பத்து இன்ஜின்தான் 1996ல் எம்8 என்ற பெயரில் இலங்கைக்கும் போனது.

மொழிபெயர்ப்பை வழிநூலின் வகைகளில் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். முதல்நூல் நின்றுபோன பிறகும் வழிநூல் முப்பது ஆண்டு ஓடியிருக்கிறது. மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கர்வம்.

வழிநூலாசிரியன் வெறுமனே பிரதி எடுப்பவன் அல்ல. டபிள்யூ.டி.எம்.2க்குள் 16 சிலிண்டர் டீசல் இயந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் ஆறு அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்கும். சக்தி 2,600 குதிரைத்திறன். ஆனால் சரக்கு ரயிலுக்குச் சக்தி மட்டும் போதாது, சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கவும் வேண்டும். பாரம் இழுக்கும்போது இன்ஜினின் எடை பின்பக்கம் சாயும். முன் சக்கரங்கள் வழுக்கும். ஒவ்வொரு போகியிலும் மூன்று மோட்டார்களும் ஒரே பக்கம் பார்க்காமல் மாறி அமைந்திருந்தது இந்தக் குறையைக் கூட்டியது.

1995ல் வந்த சரக்கு இன்ஜின் இதற்கு விடை சொன்னது. பின்னாளில் டபிள்யூ.டி.ஜி.3ஏ என்று பெயர் மாறிய இதன் முதல் இன்ஜினுக்குச் சூட்டிய பெயர் சக்தி. அதே 16 சிலிண்டர்தான், ஆனால் 3,100 குதிரைத்திறன். மோட்டார்கள் எல்லாம் ஒரே திசையில் அமைந்த புதிய போகி. எடை 123 டன். பல்சக்கர விகிதத்தை மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினார்கள். முந்தையது மணிக்கு 120 கி.மீ. ஓடும், இது 100தான். அமெரிக்க மூலத்தில் இல்லாத அத்தியாயம் இது.

குறையையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் விசையைக் கூட்டியதும் எண்ணெய் உடனே பாயும். டர்போ வேகம் பிடித்துப் போதுமான காற்றைத் தருவதற்குச் சில நொடிகளாகும். அந்த இடைவெளிதான் என் காலரில் படிந்த கரி. 1950களின் வடிவமைப்பை அத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுதது சரியா? 1995ல் ரயில்வே, முன்பு வேண்டாமென்று விட்ட ஜெனரல் மோட்டார்ஸிடமே புதிய தொழில்நுட்பத்துக்காகப் போய் நின்றது. வரலாறு சிரித்திருக்கும்.

இப்போது டீசலின் முறையே முடிகிறது. 2018ல் இரண்டு டபிள்யூ.டி.ஜி.3ஏ இன்ஜின்களை வாரணாசியில் 10,000 குதிரைத்திறன் கொண்ட மின்சார இரட்டை இன்ஜினாக மாற்றினார்கள். 2020ல் அந்தத் தொழிற்சாலை பனாரஸ் இன்ஜின் தொழிற்சாலை ஆனது. பெயரிலிருந்தே டீசல் போய்விட்டது. கொங்கண் பாதை முழுவதும் 2022ல் மின்மயமானது. புகையை நினைத்தால் நல்லதுதான்.

ஆனால் அந்த ஃபிட்டர் சொன்ன ஒன்று உறுத்துகிறது. பதினாறு சிலிண்டரில் எது மக்கர் செய்கிறது என்பதை அவர் முதலில் காதால்தான் கண்டுபிடிப்பாராம். பிறகுதான் கருவி. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. ஷெட்டில் பேசியது மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்த ஒரு பாஷை. கையேட்டில் இல்லாத முக்கால்வாசி அறிவு அந்தப் பாஷையில்தான் கைமாறியது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்ஜின்களை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வண்ணம் பூசிவிடலாம். அந்தக் காதுகளை என்ன செய்வது? கல்யாணிலும் பொன்மலையிலும் ஓய்வுபெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டேப் ரிக்கார்டரோடு அவர்கள் வீட்டுக்குப் போக ரயில்வேக்குப் பெரிய செலவாகாது. மூலம் நின்றுபோயும் நாம் தப்பித்தது, யாரோ கற்றுக்கொண்டதால். கற்றவர்களும் போய்விட்டால் வழிநூலும் இல்லை.